7. விமானத்துக்கும் மண்டகப்படி உண்டு

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுவார். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே அடிக்கோல் வைத்தால் 40 கி.மீ. பைக்கில் போகிறவருக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். பெருமாளுக்கோ நாள் கணக்கு. வழியெல்லாம் ஊருக்கு ஊர் மண்டகப்படி. அங்கங்கே நிற்க வேண்டும், தீபாராதனை ஆக வேண்டும், காத்திருக்கும் கூட்டம் சேவிக்க வேண்டும். கிள்ளையில் இஸ்லாமிய மக்கள் தரும் வரவேற்பையும் ஏற்க வேண்டும். "சாமி எப்ப வரும்?" என்று யாராவது கேட்டால், விஷயம் தெரிந்த பெரியவர்கள் கிலோமீட்டரைப் பேச மாட்டார்கள். "இப்ப எந்த மண்டகப்படியில இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சாயங்காலம். சன்னிதித் தெரு டீக்கடை வாசலில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் வடமேற்கே தாழ்வாக நகர்ந்த ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் தட்டினார்.

"அண்ணே, சென்னை-திருச்சி விமானம். 294 கிலோமீட்டர். 22 நிமிஷம்னு போட்டிருக்கு."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "எங்க மச்சான் போன வாரம் அதுலதான் வந்தான். டிக்கெட்ல ஒரு மணி அஞ்சு நிமிஷம்னு இருந்துச்சே தம்பி. மீதி நேரம் வானத்துல என்ன பண்ணுச்சாம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம். தூரத்தை அளப்பது எளிதாகிவிட்டது. நேரத்தை அளப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கைமுட்டிக் கணக்கு

முதலில் அந்த வெளிச்சப் புள்ளியை விசாரிப்போம். சென்னை விமான நிலையத்தையும் திருச்சி விமான நிலையத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அது திட்டக்குடிக்குப் பக்கத்தில் கடக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் ஏறத்தாழ 25 கி.மீ. தென்கிழக்கே இருக்கிறது.

இந்தத் தடத்தில் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானமும் ஓடுகிறது. ஏறக்குறைய எழுபது பேர் உட்காரலாம். அது 5 கி.மீ. உயரத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. தள்ளி, 5 கி.மீ. உயரத்தில் இருக்கும் பொருள் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில் தெரியும். கோணமானி தேவையில்லை. கையை நேரே நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. வயல்வெளியில் நின்று, வடமேற்கு அடிவானத்தின் மேல் ஒரு முட்டியை வையுங்கள். நேர்கோட்டில் பறந்தால் விமானம் அதன் விளிம்பை ஒட்டிப் போகும். ஜெட் விமானம் 9 கி.மீ. உயரத்தில் போனால் இரண்டு முட்டி.

ஒரு பாகை எத்தனை கிலோமீட்டர்?

கைப்பேசி 294 என்று சொன்னதே, யாராவது டேப் பிடித்து அளந்தார்களா? இல்லை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் போதும். சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. திருச்சி 10.77 வடக்கு, 78.71 கிழக்கு. வடக்கு தெற்காக வித்தியாசம் 2.22 பாகை, கிழக்கு மேற்காக 1.46 பாகை.

இனி ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால் கணக்கு முடிந்தது. தமிழ்நாட்டில் இந்த எண்ணை முதன்முதலில் துல்லியமாகக் கண்டுபிடித்த கதையில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊருக்கும் பங்கு உண்டு.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலைக்கு அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இன்றைய சென்னை விமான நிலையம் அதே பரங்கிமலையை ஒட்டித்தான் இருக்கிறது. அவர் கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயில் படாமல் அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து, நானூறு முறை மாற்றிப் போட்டு ஏறத்தாழ 12 கி.மீ. அளந்தார். இவ்வளவு பாடு எதற்கு? வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அந்தச் சங்கிலி மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். நானூறு முறையில் அது 14 செ.மீ. பிழையாகச் சேரும். சித்திரை வெயிலில் காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் சர்வசாதாரணம்.

அந்தக் கோட்டை அடித்தளமாக வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கடற்கரையோரம் தெற்கே இறங்கினார். தெற்கு முனையாக அவர் எடுத்துக்கொண்ட இடம் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரம். அவருடைய குறிப்பில் அது 'டிரிவண்டிபோரம்' ஆனது. அங்கும் வடக்கு முனையிலும் இரவில் நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தார். இரண்டு இடங்களின் அட்சரேகை வித்தியாசம் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். தரையில் அளந்த நீளத்தை வானத்தில் அளந்த பாகையால் வகுத்தார். ஒரு பாகைக்கு 60,494 ஃபாதம் என்று வந்தது. ஃபாதம் என்பது ஆறடி கொண்ட கடல் அளவை. கிலோமீட்டராக்கினால் 110.63. இன்றைய செயற்கைக்கோள் யுகத்தில் அதே இடத்துக்குக் கிடைக்கும் எண்ணும் 110.63தான். பூமியைக் கடலிலிருந்து தூக்கி வந்தவர் ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்டிருக்கிறார் என்றால், அந்தப் பூமிக்கு அளவு எடுக்கும் வேலை சில காததூரத்தில் திருவந்திபுரத்தில் நடந்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். வடக்கு தெற்காக 2.22 பாகை, ஒவ்வொன்றும் 110.6 கி.மீ. ஆக 245.5. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் நம் பக்கத்தில் அவற்றின் ஒரு பாகை 109 கி.மீ. 1.46 பாகைக்கு 159. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, எட்டாம் வகுப்பில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 293 கி.மீ.

கைப்பேசி ஒரு கிலோமீட்டர் கூடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல செயலிகள் பூமியை முழு உருண்டையாக வைத்து எங்கும் ஒரு பாகை 111.2 கி.மீ. என்று கணக்குப் போடுகின்றன. பூமி நடுவில் சற்றுப் புடைத்த உருண்டை. அந்தப் புடைப்பு இந்தத் தூரத்தில் ஒரு கிலோமீட்டராக வெளிப்படுகிறது.

வளைந்த பூமிக்குத் தட்டையான பித்தாகரஸ் பொருந்துமா என்ற சந்தேகம் வரலாம். இந்த 293 கி.மீ.க்கு நடுவில் பூமி 1.7 கி.மீ. உயரத்துக்குப் புடைத்திருக்கிறது. ஆனால் அந்த வளைவால் கூடும் நீளம் வெறும் 26 மீட்டர்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அளக்கும்போது கோள முக்கோணவியல் அவசியம். சென்னைக்கு அளக்க அது தேவையில்லை.

கட்டை எடுத்ததிலிருந்து கட்டை போடும் வரை

இனி நேரம். ஏடிஆர் விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். 293-ஐ 500-ஆல் வகுத்தால் 35 நிமிடம். ஜெட் விமானத்தின் வேகம் 800-க்கு மேல், அதனால்தான் செயலி 22 நிமிடம் என்றது. பயணச்சீட்டில் இருப்பதோ ஒரு மணி நேரத்தை ஒட்டி.

ஏற்றத்தில் நின்ற லாரியை எடுக்குமுன் கிளீனர் இறங்கி டயருக்கு அண்டை கொடுத்த கட்டையை உருவுவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்துக்கும் அதே கட்டைதான். நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டிருப்பார்கள். அதை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை போடும் நொடி வரை ஆவதுதான் விமானத் துறையின் பயண நேரம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் 'பிளாக் டைம்', அதாவது கட்டை நேரம். சீட்டில் அச்சாவது இதுதான். இதற்குள்ளே மண்டகப்படிகள் வரிசையாக நிற்கின்றன.

முதல் மண்டகப்படி தரையில். பின்னோக்கித் தள்ளப்பட்டு, ஓடுபாதைவரை ஊர்ந்து, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். சென்னை மாதிரி இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் இதிலேயே கரையும்.

இரண்டாவது, ஏற்றமும் இறக்கமும். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. 17,000 அடியில் பறக்கும் ஏடிஆர் 51 கடல்மைலுக்கு முன்பே, அதாவது 95 கி.மீ. இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடும். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் போகும். ஆக 293-இல் முழு வேகத்தில் சமமாகப் பறப்பது நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஜெட்டின் நிலை இன்னும் பரிதாபம். 30,000 அடிக்கு ஏறி இறங்க மட்டுமே முந்நூறு கி.மீ. வேண்டும். திருச்சிக்குப் போகையில் அது உச்சியைத் தொட்டதும் இறங்க வேண்டியதுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. மலைப்பாதையில் பேருந்துக்கு நேர்வதும் அதுதான்.

மூன்றாவது, வழி. வானத்தில் நேர்கோடு கிடையாது. பெயரிட்ட புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மேல் பறக்கத் தடை. தாம்பரத்தில் விமானப்படைத் தளம். பெரிய நிலையத்தை நெருங்கினால் இறங்கும் வரிசையில் இடம் கிடைக்கும்வரை சுற்றவும் வைப்பார்கள்.

இத்தனையும் சேர்த்து ஒரு நாட்டுக்கணக்கு சொல்லலாம்: தூரத்தை வேகத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், அதோடு 30 நிமிடம் கூட்டுங்கள். சென்னை-திருச்சிக்கு 35 + 30, ஒரு மணி ஐந்து நிமிடம். டீக்கடைக்காரரின் மச்சான் வைத்திருந்த சீட்டு சரி.

நம் பக்கத்து இன்னொரு நிலையத்தில் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்ப்போம். புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர்தான், பெரிய ஜெட்டுக்குப் போதாது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி முதல் அங்கிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏடிஆர் பறக்கத் தொடங்கியது. ஹைதராபாத் நேர்கோட்டில் 600 கி.மீ. நம் கணக்குப்படி 72 + 30, ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. அட்டவணையும் ஒன்றே முக்கால் மணிதான் சொன்னது. பெங்களூர் 266 கி.மீ. கணக்குப்படி 62 நிமிடம் வர வேண்டும். அட்டவணையிலோ ஒன்றேகால் மணிக்குக் குறையவில்லை. நெரிசலான நிலையங்களுக்கு நிறுவனங்கள் தாமதத்தையும் முன்கூட்டியே சேர்த்துத்தான் நேரம் போடும். கூட்டம் கூடிய ஊரில் மண்டகப்படி நீளும், அவ்வளவுதான்.

காற்று யார் பக்கம்?

பருவத்துக்கும் இதில் பங்கு உண்டு. விமானம் கூடியவரை எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். இறக்கை தூக்கப்படுவது அதன்மேல் ஓடும் காற்றால். எதிரே காற்று வந்தால் தரையில் குறைந்த வேகமே போதும், ஓடுபாதையும் மிச்சம். சென்னையின் பிரதான ஓடுபாதை கிட்டத்தட்டக் கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. கோடையில் பிற்பகல் கடற்காற்று ஏறியதும் விமானங்கள் கிழக்கு நோக்கி இறங்கும். தென்மேற்கிலிருந்து வரும் திருச்சி விமானத்துக்கு அது ஏறத்தாழ வந்த வழியே நுழைவது மாதிரி. மேல்காற்று அடிக்கும்போது மேற்கு நோக்கி இறங்க வேண்டும். அப்போது திருச்சி விமானம் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், கடலை எட்டி, வளைந்து திரும்பி வர வேண்டும். தூரம் மாறவில்லை, சில நிமிடங்கள் கூடிவிட்டன.

போகும்போது எதிர்காற்றில் இழந்த நேரம் திரும்பும்போது பின்காற்றில் கிடைத்துவிடாதா? கிடைக்காது. பிற்பகலில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரத்துக்குச் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். சாலை 39 கி.மீ., 40 என்றே வைப்போம். காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 15 கி.மீ.; போக வர 5 மணி 20 நிமிடம். கடற்காற்று எதிரே தள்ளுவதால் போகையில் வேகம் 10, நான்கு மணி நேரம். திரும்புகையில் அதே காற்று முதுகில், வேகம் 20, இரண்டு மணி நேரம். ஆகமொத்தம் ஆறு. கூடியதும் குறைந்ததும் அதே 5 கி.மீ.தான், ஆனாலும் 40 நிமிடம் நட்டம். காரணம், எதிர்காற்றில் அதிக நேரம் இருந்தோம், பின்காற்றில் குறைந்த நேரம் இருந்தோம். விமானத்துக்கும் இதே விதி. சீரான காற்று எந்தத் திசையில் அடித்தாலும், போய்வரும் மொத்த நேரம் கூடத்தான் செய்யும்.

வாசலிலிருந்து வாசலுக்கு

இதுவரை பார்த்தது விமானத்தின் பயண நேரம். ஸ்ரீமுஷ்ணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவரின் பயண நேரம் வேறு.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நேர்கோட்டில் புதுச்சேரி விமான நிலையம் 77 கி.மீ., திருச்சி 103, சென்னை 195. சாலை வளைந்து போகும். சிதம்பரம் நேர்கோட்டில் 32 கி.மீ., சாலையில் 39 என்பதை வைத்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. அதே விகிதத்தில் திருச்சிக்குச் சாலையில் ஏறத்தாழ 125 கி.மீ., சென்னைக்கு 240.

திருச்சி வழியாகச் சென்னைக்குப் பறப்பவரின் மண்டகப்படிகளை எண்ணுவோம். காரில் சராசரி 45 கி.மீ. வேகத்தில் திருச்சிக்கு 2 மணி 45 நிமிடம். முன்கூட்டியே போய்ச் சோதனைகளைக் கடந்து காத்திருக்க ஒன்றரை மணி. விமானம் 1 மணி 5 நிமிடம். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. மொத்தம் 5 மணி 50 நிமிடம். அதே காரை நேரே சென்னைக்கு விட்டிருந்தால் 5 மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். விமானப் பயணி முதலில் சென்னைக்கு எதிர்த்திசையில் நூறு கிலோமீட்டர் போய், பிறகு சொந்த ஊருக்குப் பக்கவாட்டிலேயே பறந்து வந்து, அரை மணி நேரம் பிந்தி இறங்குகிறார். சன்னலோர இருக்கை கிடைத்தால் வழியில் ஊரின் விளக்குகளைப் பார்க்கலாம், அதுதான் ஆதாயம்.

ஹைதராபாத் போவதென்றால் கதை மாறுகிறது. புதுச்சேரி வழியாக வீட்டிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாலையில் ஏறத்தாழ 800 கி.மீ., பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மண்டகப்படிகள் சென்னைக்கும் அவைதான், ஹைதராபாத்துக்கும் அவைதான். தூரம் கூடக் கூட அவற்றின் பங்கு சுருங்குகிறது.

எந்தத் தூரத்துக்கு மேல் விமானம் வெல்லும் என்றும் கணக்கிடலாம். திருச்சி வழியில் பறக்காத நேரம் மட்டும், நாட்டுக்கணக்கில் கூட்டிய 30 நிமிடத்தையும் சேர்த்து, ஐந்தேகால் மணி. அந்த நேரத்துக்குள் கார் போய்விடக்கூடிய ஊருக்கெல்லாம் விமானம் வீண். பறக்கும் நேரத்தையும் சேர்த்து நம் எண்களைப் போட்டால் நேர்கோட்டில் 210 கி.மீ. வரை கார், அதற்கு மேல் விமானம். சென்னை 195-இல் இருக்கிறது, நூலிழையில் காரின் பக்கம்.

ஆனால் இந்த 210 மாறாத எண்ணா? ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து 27 கி.மீ. தொலைவில் நெய்வேலியில் ஒரு விமானத்தளம் இருக்கிறது. 2017-இல், சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் அறிவிக்கப்பட்ட ஊர்களில் நெய்வேலியும் சேலமும் உண்டு. சேலத்தில் 2018 மார்ச் 25 அன்று சென்னை விமானம் பறந்தது. நெய்வேலிக்கு அந்தச் சுற்றில் அறிவித்த விமானம் வரவே இல்லை. வந்திருந்தால் எப்படி என்று பார்ப்போம்: தளத்துக்கு 45 நிமிடம், சிறிய நிலையமானதால் காத்திருப்பு ஒரு மணி, 168 கி.மீ. பறக்க 50 நிமிடம், வெளியே வர அரை மணி. மூன்று மணி ஐந்து நிமிடம். விமானத்தின் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. மிச்சமான நேரமெல்லாம் தரையில் மிச்சமானது. எல்லைக்கோடும் 210-இலிருந்து 110 கி.மீ.க்கு இறங்கிவிடும்.

பயணிக்கு நேரத்தை மிச்சப்படுத்துவது விமானத்தின் வேகத்தை விட விமான நிலையத்தின் அருகாமைதான். குறுந்தூரத் தடங்களைத் திட்டமிடுகிறவர்கள் வரைபடத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே கோடு போடுவதோடு நின்றுவிடக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து கோடு போடத் தொடங்க வேண்டும்.

இன்றைய நிலவரத்தில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சென்னைக்கு எது வேகம்? பேருந்தில் 20 கி.மீ. போனால் விருத்தாசலம் சந்திப்பு. அங்கிருந்து எழும்பூருக்கு வேகமான பகல்நேர விரைவு ரயில்கள் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடுகின்றன. பேருந்துக்கு முக்கால் மணி, நடைமேடையில் அரை மணி சேர்த்தாலும் நாலேகால் மணி. காரையும் விமானத்தையும் ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திவிடுகிறது.